ஆஸ்துமா உள்ள குழந்தையும் விழாவில் விளையாடலாம்

அண்மையில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயாருடன் வந்திருந்தான். ஆஸ்துமாவுக்காக ஓராண்டாகச் சிகிச்சை பெற்று வருபவன். இரவில் இருமல் இல்லை, பள்ளிக்கு விடுப்பும் இல்லை என்று தாயார் மகிழ்வுடன் கூறிக்கொண்டிருந்தார். அப்போது அவன் குறுக்கிட்டு, "எல்லாரும் ஓடி விளையாடினாங்க. நான் மட்டும் கேக் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்" என்றான். முதல் நாள் மாலை அண்டை வீட்டில் பிறந்தநாள் விழா நடந்திருக்கிறது. மூச்சிரைப்பு வந்துவிடுமோ என்று அஞ்சிய தாயார், அவனை எழவே விடவில்லை.

அந்த அச்சம் இயல்பானதே. எனினும், நோய் கட்டுப்பாட்டில் உள்ள குழந்தையை உட்கார வைப்பது சிகிச்சையாகாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் அது தேவையே.

ஓடும்போது மூச்சிரைப்பு ஏன் வருகிறது? வேகமாக ஓடும் குழந்தை வாய்வழியே மூச்சு விடுகிறது. மூக்கில் ஈரமும் வெதுவெதுப்பும் பெறாத காற்று, மூச்சுக்குழாய்களை உலர்த்துகிறது. அதனால் அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. இடைவிடாமல் பல நிமிடங்கள் ஓடினால் இது நேரும் வாய்ப்பு மிகுதி; சிறிது ஓடி, சிறிது இளைப்பாறும் விளையாட்டில் குறைவு. ஆகவே, எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முக்கியம்.

முதல் பத்து நிமிடங்கள் யானை நடை, கொக்கு நடை, தவளைத் தாவல் என மெதுவாகத் தொடங்குங்கள். உடல் படிப்படியாகச் சூடேறினால் மூச்சுக்குழாய்கள் இறுகுவது குறையும். பிறகு பின்வரும் விளையாட்டுகளை நடத்தலாம்.

சிலை விளையாட்டு: பாட்டு ஒலிக்கும்வரை ஆட வேண்டும், நின்றவுடன் சிலையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் இளைப்பாறல்.

வட்டத்துக்குள் இடம்: இசை நாற்காலிக்கு மாற்றாகத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வட்டத்தை அழியுங்கள், குழந்தைகளை வெளியேற்றாதீர்கள். எஞ்சிய வட்டங்களுக்குள் அனைவரும் நெருங்கி நிற்கட்டும். தோற்றவர் ஒதுங்கி அமரும் விளையாட்டுகளில், சிறியவர்களும் நோயுற்றவர்களும்தாம் முதலில் ஒதுக்கப்படுகிறார்கள்.

துணி போடுதல்: வட்டமாக அமர்ந்திருப்போரில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் நம் பழைய விளையாட்டு. இருவர் ஓட, ஏனையோர் அமர்ந்திருப்பர்.

எலுமிச்சை நடை: கரண்டியில் எலுமிச்சம்பழத்தை ஏந்தி நடத்தல். கரண்டியை வாயில் கவ்வாமல் கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

விழா நடத்துவோர் சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊதுவத்திப் புகையும், நுரை தெளிப்பான்களும் மூச்சுக்குழாய்களை உறுத்தக்கூடியவை. வெடித்த பலூன் துண்டுகளை உடனே அகற்றுங்கள். அவை சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். வேர்க்கடலை, மிட்டாய் போன்றவற்றை மென்றவாறு எந்தக் குழந்தையும் ஓடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை மூன்று. அன்றாடம் எடுக்கும் தடுப்பு மருந்தை விழா நாளிலும் விடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரையும் ஸ்பேசரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். விளையாட்டுக்கு முன் இன்ஹேலர் தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். சளி, காய்ச்சல், இரவு இருமல் இருக்கும் நாளில் மட்டும் ஓட்டம் வேண்டாம்.

இருமலோ நெஞ்சிறுக்கமோ தோன்றினால் விளையாட்டை நிறுத்தி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவர் எழுதித் தந்தபடி இன்ஹேலர் கொடுங்கள். இது விளையாட்டு முடிந்த சில நிமிடங்களுக்குப் பிறகும் தோன்றலாம். பேச முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கையில் விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்துக்குப் பின்னும் தணியாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை இன்ஹேலரைத் தொடருங்கள்.

ஒவ்வொரு முறை விளையாடும்போதும் இரைப்பு வந்தால், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது மாற்ற வேண்டியது சிகிச்சையை. குழந்தையின் விளையாட்டை அன்று. எங்களிடம் வரும்போது, "இருமல் உண்டா?" என்ற கேள்விக்கு விடை கூறுவதோடு, "மற்ற குழந்தைகளைப் போல விளையாடுகிறானா?" என்பதற்கும் விடை சொல்லுங்கள். அந்த விடை சிகிச்சையை முடிவு செய்ய எங்களுக்குப் பெரிதும் உதவும்.