கத்திக்கும் தாக்கத்திக்கும் ஏற்ற உருக்கைத் தெரிதல்

அறுவடைக் காலத்திற் கூர் நில்லாத தாக்கத்தி கமக்காரருக்கு நட்டத்தையே விளைக்கும். யந்திரம் இறங்கவியலாத சேற்று வயலில் முற்றிய கதிர்கள் காத்திருக்க, வேலையாட்கள் அடிக்கடி தீட்டுகல்லை நாடுவாராயின் கூலி வீணாகும். மழை வந்துவிட்டால் நெல்லும் வீணாகும். மரக்கறித் தோட்டத்தில் மழுங்கிய கத்தி தண்டை அறுக்காது நசுக்கிவிடும். அக்காயத்தில் அழுகல் நோய் எளிதிற் பற்றும். இவற்றுக்குக் கொல்லரைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் பல வேளைகளில் குறை அவரிடம் கொடுக்கப்பட்ட இரும்பிலேயே உள்ளது.

இரும்பும் உருக்கும்

இரும்புடன் சிறிதளவு காபன் சேர்ந்ததே உருக்கு. யன்னற் சட்டம் போன்றவை செய்யப்படும் மென்னுருக்கிற் காபன் நூற்றுக்கு 0.25 பங்குக்கு மேற்படுவதில்லை. அதனை எத்தனை முறை தோய்ச்சலிட்டாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. கத்திக்கு ஏற்றது 0.6 முதல் 1.0 வரை காபன் உள்ள உருக்காகும். இது நம் நாட்டுக்குப் புதிய பொருளன்று. சமனலவெவப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பருவக்காற்றினால் உலை மூட்டிக் காபன் மிகுந்த உருக்குச் செய்தனர் என்பதை 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த தொல்லியல் ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

தெரிவு செய்யத்தக்கவை

1. லொறி வில்லுத்தகடு: காபன் ஏறக்குறைய 0.6. அதிர்ச்சியைத் தாங்குமாதலின் காட்டுக்கத்திக்கும் தாக்கத்திக்கும் உகந்தது. நெடுங்காலம் உழைத்த தகட்டில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கக்கூடும். துளையை அடுத்த பகுதியையும் தேய்ந்த பகுதியையும் விலக்குக.

2. பழைய அரம்: நல்ல அரத்திற் காபன் 1.0 அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். சிறு கத்திக்கு மெல்லிய கூர் தரும், வெட்டுக்கத்திக்கு ஆகாது. அரத்தின் பற்களை முற்றாகத் தேய்த்தகற்றுக. அன்றேல் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும்.

3. எண் குறித்து விற்கப்படும் உருக்கு: 1075, 1084 என்னும் எண்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் காபன் 0.75, 0.84 என்பதைக் காட்டும். இன்னது என்று அறிந்து வாங்குவதால் இதுவே மிக நம்பகமானது. சிறு உலையிலும் எளிதிற் பதப்படும்.

நாகமுலாம் பூசிய இரும்பை உலையில் இடவே கூடாது. அதன் புகை நச்சுடையது.

செய்யுமுன் சோதித்தல்

பளபளப்பையும் பாரத்தையும் கொண்டு உருக்கை மதிப்பிட முடியாது. முதலிற் சாணைச் சக்கரத்திற் பிடித்துப் பார்க்குக. மென்னுருக்கின் பொறிகள் நீண்ட கோடுகளாய்ச் செல்லும். காபன் மிகுந்த உருக்கின் பொறிகள் பூப்போற் பலவாய் வெடிக்கும். கண்ணாடி அணிந்தே இதனைச் செய்க.

அடுத்து, விரலளவு துண்டைக் காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலாகச் சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்துக. ஆறியபின் நல்ல அரத்தால் உராய்க. அரம் வழுக்கினால் உருக்கு கடினமாகியுள்ளது. அரம் கடித்தால் அது கத்திக்கு உதவாது. மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட உறுப்புகளும் உண்டு. ஆதலால் துண்டைச் சீலையிற் சுற்றி உடைத்து, நடுப்பகுதியையும் உராய்ந்து பார்த்தல் நன்று.

பதமிடல்

தோய்ச்சலிட்டவுடன் உருக்கு கண்ணாடிபோல் உடையும். அதனைத் துலக்கி, மெல்லச் சூடாக்கிப் பதமிடல் வேண்டும். மேற்பரப்பு வைக்கோல் நிறம் கொள்வது சிறு கத்திக்குரிய பதம். ஓங்கி வெட்டும் கத்திக்கு ஊதா நிறம் வரை செல்லலாம். பின்னர் அதிகச் சூட்டில் தீட்டினால் இப்பதம் கெடும்.

காபன் உருக்கு துருப்பிடிக்கும் இயல்புடையது. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுக.

கொல்லரிடம் இரும்பைக் கொடுக்கும்போது அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கூறி, ஒரு சிறு துண்டைச் சோதித்தபின்னரே வேலையைத் தொடங்கச் சொல்லுக. அறுவடைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே இதனைச் செய்துகொண்டால், வயலில் இறங்கும் நாளிற் கருவியைப் பற்றிய கவலை இராது.