சாட்சிக் கூண்டில் நர்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியப் பிழை வழக்குகளை நடத்தும் வக்கீல்கள், ஆஸ்பத்திரித் தஸ்தாவேஜுகளைப் படித்துப் பொருள் சொல்ல அனுபவமுள்ள நர்ஸுகளை அமர்த்திக் கொள்ளுகிறார்கள். ஜுரம் ஏறிய நேரம் எது, மருந்து கொடுத்த நேரம் எது, டாக்டருக்குத் தகவல் போனது எப்பொழுது என்பவற்றைக் கட்டுக் கட்டான காகிதங்களிலிருந்து பிரித்தெடுப்பது நம் போன்ற வக்கீல்களால் ஆகிற காரியமன்று. 1989-ம் வருஷத்தில் இந்த நர்ஸுகள் தங்களுக்கெனச் சங்கமும் ஸ்தாபித்துக் கொண்டனர். நர்ஸின் கடமை இன்னதென்று சாட்சி சொல்ல டாக்டருக்குத் தகுதியில்லை, நர்ஸ் லைசென்ஸ் உள்ளவருக்கே உண்டு என்ற கருத்தில் 2004-ல் இல்லினாய்ஸ் மாகாணத்தின் தலைமை நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. ஆகவே இவர்கள் வாய் திறவாவிடில் சில வழக்குகள் நடவாமலே போகும்.

சங்கடம் எங்கே என்றால், இவர்களில் பலர் ஆஸ்பத்திரி உத்தியோகத்தை விடாமல் ஓய்வு நாட்களில் இவ்வேலையைச் செய்பவர்கள். மோன்டானா நீங்கலாக அந்நாட்டு மாகாணங்களில், காரணம் காட்டாமலே வேலையிலிருந்து நீக்கும் உரிமை பொதுவாக முதலாளிக்கு உண்டு, விலக்குகள் சிலவே. பெடரல் நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்லும் கூலி நிபுணரோ, முந்திய 4 வருஷங்களில் எந்தெந்த வழக்குகளில் சாட்சி சொன்னார், இவ்வழக்கில் என்ன கூலி என்பவற்றை எழுத்தில் எதிர்க்கட்சிக்கு வெளியிட வேண்டும். இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? திரைமறைவில் ஆலோசனை மட்டும் சொல்லுபவருக்கு அத்தனை அபாயமில்லை.

ஆஸ்பத்திரியின் கட்சியையும் கேட்போம். தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் மீதோ, தினமும் உடன் நிற்கும் டாக்டர் மீதோ வந்த வழக்கை நர்ஸ் தொடலாகாது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியும் அதே கம்பெனியின் சொத்தாயிருக்கக் கூடும். அதையும் விசாரித்தறிவது அவர் கடமை. வக்கீலுக்காகத் தம் ஆஸ்பத்திரி ரிகார்டைப் புரட்டிப் பார்த்தாலோ 1996-ம் வருஷத்து ஹிப்பா சட்டத்தை மீறியவராவார். வழக்கு ஜயித்தால் பங்கு என்று பேசிக் கொண்டு சாட்சி சொல்லுவது அதைவிட மோசம். மணிக் கணக்கில் கூலி பெறுவதே முறை. ஆஸ்பத்திரி எடுத்த இன்ஷூரன்ஸ் வெளிவேலைக்குப் பொதுவாகப் பொருந்தாது என்பதையும் பலர் மறந்து விடுகிறார்கள்.

இவ்வளவும் ஒப்புக் கொண்ட பின், நாம் கேட்பது ஒன்று. பிரதிவாதிக்காக நர்ஸ் ரிகார்டு படித்தால் புன்னகை, காயம்பட்ட நோயாளிக்காகப் படித்தால் துரோகி என்ற பட்டமா? ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. நர்ஸ் முதல் வழக்கை ஏற்குமுன் தம் மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கட்டும். ஆட்சேபமிருந்தால் ஆஸ்பத்திரியும் காரணத்தோடு எழுத்தில் தரட்டும். கட்சி எதுவானாலும் விதி ஒன்றாகவே இருக்கட்டும். பெடரல் நியாயஸ்தலத்தில் ஜூரியாக அமர்ந்தவரை அதற்காக வேலையிலிருந்து நீக்கலாகாதென்று அந்நாட்டில் சட்டம் இருக்கிறது. கூலி பெறும் நிபுணர் சாட்சிக்கு அச்சட்டம் பொருந்தாது. முன்கூட்டி அறிவித்து, தம் ஆஸ்பத்திரி வழக்குகளைத் தொடாது ஒதுங்கிய நர்ஸுக்கேனும் அத்தகைய காப்பை மாகாணச் சட்டசபைகள் அளிக்க வேண்டும்.