தேடுபொறி காட்டும் எண் யாருடையது?

தேடுபொறி எதையும் விசாரித்துப் பதில் சொல்வதில்லை. தட்டிய சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை, முன்பே சேர்த்துவைத்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. மும்பை ஆண்டாப் ஹில்லிலிருந்து 'பேங்க் கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடினால், கைபேசியின் இருப்பிடத்தை வைத்து வடாலா, சயான் கிளைகளும் வரலாம். எழுத்துப்பிழை திருத்தப்படும், ஒத்த சொற்களும் சேர்த்துக்கொள்ளப்படும். கூகுள் 2019இல் புகுத்திய பெர்ட் என்ற மொழிநுட்பம், சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தரும் பொருளையும் பார்க்கிறது. இவ்வளவும் கேட்பவரின் நோக்கத்தை ஊகிக்கத்தான். காட்டும் எண்ணை எடுத்துப் பேசுவது வங்கி ஊழியரா, மோசடிக்காரரா என்பதற்கு இதில் உத்தரவாதம் இல்லை.

2018இல் மகாராஷ்டிரத்தில் இதுதான் நடந்தது. கூகுள் வரைபடத்தில் உள்ள விவரங்களுக்குப் பொதுமக்களும் திருத்தம் தரலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, பாங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் எண்களை மோசடிக்காரர்கள் மாற்றினார்கள். அந்த எண்களை அழைத்தவர்களிடம் கார்டு விவரங்களும் பின் எண்ணும் கேட்கப்பட்டன. மும்பை வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் எண்ணும் இப்படி மாற்றப்பட்டது. ஏமாந்தவர்களை விவரமில்லாதவர்கள் என்று பழிப்பது நியாயமல்ல. வங்கியின் பெயருக்குக் கீழே தெரியும் எண்ணை யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

தேடல் முடிவுகளின் உச்சியில் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியோடு வருபவை காசு கொடுத்து வைத்த விளம்பரங்கள். வங்கி எண்ணைக் கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பார்த்து எடுப்பதே பத்திரம். இணையத்தில்தான் பார்க்க வேண்டுமென்றால், தள முகவரி '.பேங்க்.இன்' என ஆங்கிலத்தில் முடிகிறதா என்று பார்க்கலாம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஓடிபி, பின் இரண்டையும் எந்த வங்கி ஊழியரும் கேட்கமாட்டார்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகுமுன் முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் அப்போதே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரத்தைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். போலீஸ் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.