கேப்டன் அமெரிக்கா வில்லனானப்போ ரசிகர்கள் ஏன் கொதிச்சாங்க?

‘சீக்ரெட் எம்பயர்’ காமிக்ஸ் மேல ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

2016-ல் வந்த ஒரு இதழின் கடைசிப் பக்கத்துல, கேப்டன் அமெரிக்கா தான் வில்லன் கும்பலான ஹைட்ராவோட ஆள்னு காட்டிக்கிறார். 2017-ல் மார்வெல் அதையே பெரிய கிராஸ்ஓவராக்கியது. ‘வெறும் ட்விஸ்ட்தானே’ன்னு நானும் முதல்ல நினைச்சேன்.

ஆனா அவரை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி ரெண்டு பேருமே யூதர்கள். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே அவர் ஹிட்லர் முகத்தில் குத்துவார். அவரையே நாஜிகளோட கைகோத்த கும்பல்ல சேர்த்தா வலிக்காதா?

கடைசியில காஸ்மிக் க்யூப் சக்தியால நிஜ கேப்டன் திரும்பி வந்து போலியை வீழ்த்துறார். எல்லாம் சுபம்! எனக்கு உறுத்தினது அந்த முடிவுதான். இவ்வளவு பெரிய காயத்தை ஒரு மாயப் பொருளை வெச்சு மூடிட்டாங்க. அதிர்ச்சி குடுத்த கதை, அதுக்குப் பதிலும் சொல்ல வேண்டாமா?