பாட்டின் அடியில் ஒரு கணக்கு

பெனடிக்ட் ஸ்டே ஒரு பாதிரியார். ஏட்ரியாட்டிக் கடலோரத்து டுப்ரோவ்னிக்கில் 1714இல் பிறந்தவர். முப்பது வயதில் டேக்கார்ட்டின் தத்துவத்தை ஆறு காண்டங்களில் லத்தீன் செய்யுளாகப் பாடி வெனிஸில் அச்சேற்றினார். பிறகு ரோமில் சொற்கலைப் பேராசிரியர், போப்பாண்டவரின் லத்தீன் கடிதச் செயலர்.

ரோமில் அவருக்கு ஓர் ஊர்க்காரர் இருந்தார்: இயேசு சபைத் துறவியும் கணிதப் பேராசிரியருமான போஸ்கோவிச். அவர் தூண்டுதலில் ஸ்டே நியூட்டன் பக்கம் திரும்பினார். டேக்கார்ட்டின் உலகில் கோள்களை நுண்பொருள் சுழல்கள் இழுத்துச் செல்கின்றன. நியூட்டனின் உலகில் சுழலே இல்லை, ஈர்ப்பு மட்டும்தான். ஆயிரக்கணக்கான அடிகளில் பாடி முடித்த கொள்கையை விட்டுவிட்டு, அதற்கு மாறானதை மறுபடி முதலிலிருந்து பாட எவ்வளவு நேர்மை வேண்டும்! புதிய நூல் பத்துக் காண்டங்கள், ஏறத்தாழ 24,000 அடிகள். பூமி சுற்றுகிறது என்று சொல்லும் நூல்களுக்கான பொதுத் தடையைத் திருச்சபை விலக்கியது 1758இல்தான். ஸ்டேயின் முதல் பாகமோ ரோமிலேயே 1755இல் வெளிவந்துவிட்டது.

இந்தப் பாட்டு எவ்வளவு கடினம் என்பது தமிழருக்கு எளிதில் புரியும். லத்தீன் யாப்பும் நம்முடையதைப்போல் குறில், நெடில் பார்க்கும். அடிக்கு ஆறு சீர். இரண்டு நெடிலுக்கு நடுவே ஒற்றைக் குறில் வந்தால் அந்தச் சொல்லுக்கு அடியில் இடமில்லை. ஸ்டேக்கு முன்னோடியான பழைய ரோமானியக் கவி லுக்ரீஷியஸ் அணுக்களை ‘ப்ரீமோர்டியா’ என்பார். ‘அணுக்களின்’ என்று சொல்லவேண்டி வந்தால் அது ‘ப்ரீமோர்டியோரும்’ ஆகிவிடும். நடுவிலுள்ள ‘டி’ தளையைக் கெடுக்கும். உடனே ‘ப்ரீங்கிபியோரும்’ என்று வேறு சொல்லை எடுத்துக்கொள்வார். அதில் குறில் இரண்டு சேர்ந்து வருகிறது, சீர் அமைந்துவிடுகிறது. இந்தக் கட்டுக்குள் நின்றுதான் ஸ்டே ஈர்ப்பு விதியைப் பாடினார்.

ஆனால் என்னை வியக்கவைப்பது பாட்டுக்குப் போஸ்கோவிச் எழுதிய உரை. 1760இல் வந்த இரண்டாம் பாகத்தின் இணைப்பில் அவர் ஒரு சிக்கலை எடுக்கிறார். பூமி துருவங்களில் தட்டையானது என்றால், துருவத்தை நெருங்க நெருங்க அட்சரேகையின் ஒரு பாகைக்குரிய தரைத்தொலைவு கூடவேண்டும். குவிட்டோ, நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிஸ், லாப்லாந்து என ஐந்து இடங்களில் அளந்திருந்தார்கள். இத்தாலியில் அளந்தவர்களில் போஸ்கோவிச்சும் ஒருவர். ஐந்து அளவுகளையும் வரைபடத்தில் குறித்தால், அவை ஒரே கோட்டில் விழவில்லை. எதை நம்புவது?

ஒன்றையும் தள்ளவேண்டாம் என்றார் அவர். ஐந்துக்கும் நடுவே ஒரு கோடு போடு. கோட்டுக்கு மேலுள்ள பிழைகளின் கூட்டுத்தொகையும் கீழுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்கட்டும். அப்படிப்பட்ட கோடுகளில், மேல் கீழ் பாராமல் எல்லாப் பிழைகளையும் கூட்டினால் எதில் மிகக் குறைவாக வருகிறதோ, அதுவே நமக்கு வேண்டிய கோடு. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் வழியையும் வடிவியல் முறையில் அங்கேயே விளக்கினார். பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் பின்னாளில் இதை எடுத்தாண்டார். பிழைகளின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் இந்த வழி இன்றும் புள்ளியியலில் பயன்படுகிறது. ஒரே ஒரு அளவு தாறுமாறாகப் போனாலும் அது கோட்டை எளிதில் தன் பக்கம் இழுத்துவிடாது.

போஸ்கோவிச் 1787இல் காலமானார். பாட்டின் மூன்றாம் பாகம் 1792இல்தான் வந்தது. அப்போது ஸ்டேக்கு வயது 78. ரோமிலேயே 1801இல் அவர் இறந்தார். பிழைகளை அப்படியே கூட்டாமல் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டிக் குறைப்பது மீச்சிறு வர்க்க முறை. இன்று பள்ளி, கல்லூரிகளில் சொல்லித்தரும் அந்த முறையைக் கணித அறிஞர் லெஜாந்தர் வெளியிட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1805இல்.