70% காட்டியும் அடி மிஸ் ஆவது ஏன்? ‘பால்டர்ஸ் கேட் 3’ பகடைக் கணக்கு

திரையில் 70% என்று காட்டுகிறது. வாளை ஓங்குகிறீர்கள். மிஸ். அடுத்த அடியும் மிஸ். ‘கேம் ஏமாத்துதுடா’ என்று கடுப்பாகி அன்இன்ஸ்டால் செய்யும் முன் ஒரு நிமிடம்! ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமில் உங்கள் கைவேகத்துக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் முடிவு செய்வது பகடைதான்.

பகடை எங்கிருந்து வந்தது?

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட கேம் இது. இதன் விதிகள் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பைத் தழுவியவை. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லி ஆடும் அந்த விளையாட்டு 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. அங்கே கையால் உருட்டிய பகடையை இங்கே கம்ப்யூட்டர் உருட்டுகிறது.

டி20 என்றால் என்ன?

20 முகங்கள் கொண்ட பகடை. ‘2டி6’ என்று வந்தால், 6 முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம். தாயத்தில் 1 விழுந்தால் கொண்டாட்டம். இங்கே டி20-ல் 1 விழுந்தால் கதை முடிந்தது. 20 விழுந்தால் வெற்றி உறுதி.

கணக்கு எப்படி?

காவலாளியிடம் நைசாகப் பேசி உள்ளே போக வேண்டும், இலக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேரக்டரின் கரிஸ்மா 16 என்றால் +3 கிடைக்கும். பேச்சில் பயிற்சி இருந்தால் தொடக்கத்தில் இன்னொரு +2. மொத்தம் +5. ஆக, பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். வாய்ப்பு 55%.

சண்டையிலும் இதே கணக்குதான். அங்கே இலக்கு, எதிரியின் ‘ஆர்மர் கிளாஸ்’. ஒவ்வொரு +1-க்கும் வாய்ப்பு 5% கூடும்.

அப்போ 70% ஏன் மிஸ் ஆகிறது?

70% என்றால் பத்தில் மூன்று அடி வீண். அடுத்தடுத்து இரண்டு மிஸ் ஆகும் வாய்ப்பு 9%, அதாவது ஏறக்குறைய 11-க்கு ஒருமுறை. நாலு பேர் மாறி மாறி அடிக்கும் சண்டையில் இது சகஜம். தொடர் தோல்விகளையும் தொடர் வெற்றிகளையும் தவிர்க்க ‘கார்மிக் டைஸ்’ என்ற வசதியும் உண்டு. வேண்டாம் என்றால் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடலாம்.

வாய்ப்பைக் கூட்டுவது எப்படி?

* ‘அட்வான்டேஜ்’ கிடைத்தால் இரண்டு டி20 உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 55% கிட்டத்தட்ட 80% ஆகிவிடும். ஒளிந்திருந்து தாக்கினால் இது கிடைக்கும்.
* உயரமான இடத்திலிருந்து அம்பு விட்டால் +2.
* எதிரி பக்கத்தில் நிற்கும்போது வில்லை எடுக்காதீர்கள். இரண்டு பகடையில் சிறியதுதான் கணக்கில் வரும்.
* திறன் எண்களை இரட்டைப்படையில் வையுங்கள். 14-க்கும் 15-க்கும் ஒரே +2-தான்.
* பேச்சில் தோற்றால், ‘இன்ஸ்பிரேஷன்’ பாயின்ட் கொடுத்து மறுபடி உருட்டலாம்.

தோற்றால் லோட் செய்யலாமா?

செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பல இடங்களில் தோல்வி என்றால் ‘கேம் ஓவர்’ இல்லை, கதை வேறு பாதையில் திரும்புகிறது. காவலாளி நம்பவில்லையா? சண்டை போடலாம், திருட்டுத்தனமாக நுழையலாம், வேறு வழி தேடலாம். ஒவ்வொரு முறையும் லோட் செய்தால் அந்தப் பாதைகளைப் பார்க்காமலேயே கேமை முடித்துவிடுவீர்கள். அடுத்த முறை 1 விழுந்தால், ஒரு பத்து நிமிடம் அப்படியே ஆடிப் பாருங்கள்.