செங்கல் சொல்லும் பாடம்



பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கற்களம் என்று பொருள். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அத்தாப்பு வேய்ந்த வீடுகள் சாம்பலாயின. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் விதித்தார். செங்கல்லுக்குத் தேவை பெருகியது. பிரிக்பீல்ட்ஸில் சூளைகள் புகைந்தன. விதி தொழிலை வளர்த்தது. தொழில் நகரத்தை வளர்த்தது.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்துள்ள நமக்கும் இது பொருந்தும். என் மாணவன் ஒருவனின் தாயார் சாலையோரம் தோசை, வடை விற்றுவந்தார். லைசென்ஸ் இல்லை. ஒருநாள் அதிகாரிகள் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றிச் சென்றனர். "நான் திருடவில்லையே, டீச்சர்!" என்று அழுதார். உண்மைதான். ஆனால் அவருடைய உழைப்புக்கு ஒரு தாளிலும் சான்று இல்லை.

அந்தச் சான்றை எப்படிப் பெறுவது? எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வேறு பெயர் வைத்தால் 60. உணவு விற்பவர் டைபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சியும் பெறவேண்டும். பிறகு உங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தில் லைசென்சுக்கு மனுச் செய்யுங்கள். மலாய்ப் பாரத்தைப் படிக்கும் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள்.

இவை கையில் இருந்தால், 1998இல் தோன்றிய தெக்குன் போன்ற அமைப்புகளில் கடன் கேட்கலாம். கடையருகே சாக்கடை அடைத்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் உரிமையோடு முறையிடலாம். கிள்ளான் 2024இல் மாநகராயிற்று. வளரும் நகரத்தின் கணக்கில் நம் கடையும் இருக்கட்டும்.

அந்தத் தாயார் இப்போது இரவுச் சந்தையில் கடை வைத்திருக்கிறார். பாரத்தை நிரப்பியவன் அவர் மகன்தான்.